சூரியன் அனுப்பற ப்ரோட்டான் துருவத்துல நுழையறதை லைவ்வா பாக்க ஒரு இலவச சர்வீஸ்: நோவா ஸ்பேஸ் வெதர் ரிவ்யூ

அரோரா ஆப் போட்டு வச்சிருக்கவங்க நெறைய பேர் இருக்காங்க, ஆனா சூரியன்ல இருந்து கிளம்பி வர்ற நெஜமான ஹை எனர்ஜி துகள் எப்போ பூமியோட காந்தமண்டலத்துக்குள்ள வருது, ஏன் துருவம் பக்கமா மட்டும் வருதுன்னு உக்காந்து பாக்கறவங்க ரொம்ப கம்மி. அதை பாக்கறதுக்கு அமெரிக்காவோட கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா நடத்தற ஸ்பேஸ் வெதர் ப்ரெடிக்‌ஷன் சென்டர்னு ஒரு சர்வீஸ் இருக்கு, கொலராடோ மாநிலத்துல போல்டர்ல இருந்து ஓடுது. லாகின் வேணாம், காசு வேணாம், டேட்டாவையும் அப்படியே எடுத்துக்கலாம். நான் ரொம்ப நாளா இதை யூஸ் பண்றேன், அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

முழு சைட்டுக்கும் ரிவ்யூ எழுதப் போறதில்ல, அது பெரிய கடல். இந்த துருவ நுழைவு விஷயத்துக்கு தேவைப்படறது ரெண்டே பேஜ்தான். ஒண்ணு கோஸ் சேட்டிலைட்டோட ப்ரோட்டான் ஃப்ளக்ஸ் கிராஃப், இன்னொண்ணு டி-ராப்னு சொல்ற ரேடியோ அப்சார்ப்ஷன் மேப். இந்த ரெண்டையும் பக்கத்து பக்கத்துல திறந்து வச்சு பாத்தா இலவசத்துல இதை விட நல்ல பாடம் எங்கயும் கிடைக்காது. முகப்புல இருக்கற நம்பரை மட்டும் பாத்துட்டு மூடிட்டீங்கன்னா பாதி விஷயம் தப்பா புரியும். என் அபிப்ராயம் மொத்தமும் இவ்ளோதான், ஏன்னு கீழ சொல்றேன்.

முகப்புல ஆர், எஸ், ஜின்னு மூணு கட்டம் இருக்கும். ஆர்னா சூரிய ஃப்ளேர்ல, அதாவது சூரியன்ல திடீர்னு நடக்கற வெடிப்புல இருந்து வர்ற எக்ஸ்ரேயால ரேடியோ கட் ஆகறது, எஸ்னா சோலார் ரேடியேஷன் ஸ்டார்ம் அதாவது ப்ரோட்டான், ஜின்னா ஜியோமேக்னட்டிக் ஸ்டார்ம். மூணும் தனித்தனி விஷயம், மூணும் தனித்தனி நேரத்துல வரும். எக்ஸ்ரே வெளிச்சம்தானே, எட்டு நிமிஷத்துல வந்துடும். ப்ரோட்டான் பத்து பதினைஞ்சு நிமிஷத்துல இருந்து சில மணி நேரத்துக்குள்ள வர ஆரம்பிக்கும். சிஎம்இ, அதாவது சூரியன் வெளிய வீசற பிளாஸ்மா மேகம், வந்து மோதி காந்தப் புயல் கிளம்ப ஒண்ணு ரெண்டு நாள் ஆகும், சில சமயம் அதுக்கும் மேல. நியூஸ்ல எல்லாத்தையும் ஒரே சோலார் ஸ்டார்ம்னு சேர்த்து போட்டு குழப்பிடறாங்க, இங்க அப்படி இல்லாம மூணையும் பிரிச்சு வச்சிருக்கறது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம்.

இப்போ ப்ரோட்டான் கிராஃப். இதுல 10, 50, 100, 500 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (சுருக்கமா எம்இவி, துகளோட எனர்ஜி அளவு) மேல உள்ள ப்ரோட்டான்களுக்கு தனித்தனியா கோடு ஓடும், அஞ்சு நிமிஷ சராசரி, நெட்டு அச்சு லாக் ஸ்கேல்ல இருக்கும். அமைதியான நாள்ல 10 எம்இவி கோடு 1-க்கு கீழயே படுத்து கிடக்கும். அந்த 1ங்கிறது ஒரு பிஎஃப்யூ, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டர்ல ஒரு நொடிக்கு ஒரு ஸ்டெரேடியன் திசையில இருந்து ஒரு ப்ரோட்டான். 10-ஐ தாண்டினா எஸ்1, 100 எஸ்2, 1000 எஸ்3, 10,000 எஸ்4, ஒரு லட்சம் எஸ்5. லாக் ஸ்கேல்ங்கிறதை மனசுல வச்சுக்கோங்க, ஒரு கட்டம் மேல போச்சுன்னா பத்து மடங்கு, கொஞ்சம்தானே ஏறியிருக்குன்னு நினைக்கக் கூடாது.

நல்ல ஈவென்ட் ஒண்ணு கிடைச்சா அந்த கிராஃபை 6 மணி நேரம் காட்டற மாதிரி வச்சுட்டு கோடுங்க ஏறற வரிசையை பாருங்க. 500 எம்இவி கோடு முதல்ல நகரும், அப்புறம் 100, அப்புறம் 50, கடைசியா 10. வேகத்துல இருக்கற வித்தியாசம்தான் காரணம். 500 எம்இவி ப்ரோட்டான் ஒளி வேகத்துல முக்கால் பங்குல வருது, 100 எம்இவி ஒளி வேகத்துல நாற்பது சதவீதத்துக்கு கொஞ்சம் மேல, 10 எம்இவி நொடிக்கு சுமார் 43,000 கிலோமீட்டர்ல வருது, அதுக்கு நேர்கோட்டுல வந்தாலே ஒரு மணி நேரம் பக்கம் ஆகும், ஆனா நேர்கோட்டுல வராது, சூரியன் சுத்திக்கிட்டே காந்தப்புலத்தை வெளிய வீசறதால அந்தக் கோடுங்க சுருளா வளைஞ்சிருக்கும், ப்ரோட்டான் அந்த வளைவை புடிச்சுக்கிட்டுதான் வந்தாகணும். பார்க்கர் ஸ்பைரல்னு சொல்றது இதைத்தான். அதனாலதான் சூரியனோட மேற்குப் பக்கம், நடுவுல இருந்து 50, 60 டிகிரி தள்ளி வெடிச்சதுன்னா கிராஃப் செங்குத்தா எழும்பும், கிழக்கு ஓரத்துல வெடிச்சா அதே சைஸ் வெடிப்பா இருந்தாலும் மெதுவா மணிக்கணக்கா ஏறிக்கிட்டே போயி சிஎம்இக்கு முன்னால வர்ற ஷாக் அலை நம்மளை தொடும்போது உச்சம் தொடும். கிராஃபோட உருவத்தை வச்சே வெடிச்சது எந்தப் பக்கம்னு ஓரளவுக்கு சொல்லிடலாம், பழகிட்டா இது தனி சுகம்.

சரி, சேட்டிலைட்டுக்கு வந்தாச்சு. கோஸ் நிக்கறது பூமத்திய ரேகைக்கு மேல 35,786 கிலோமீட்டர் உயரத்துல, அதாவது காந்தமண்டலத்துக்கு உள்ளயேதான், ஆனா அந்த தூரத்துல காந்தப்புலம் பலவீனம், 10 எம்இவி ப்ரோட்டான் அவ்ளோ தூரம் பெரும்பாலும் வந்துடும். அதுக்கும் உள்ள வர முடியாது, தரைக்கு பக்கத்துல பூமத்திய ரேகைல அதோட வேலையே நடக்காது. இங்கதான் டி-ராப் மேப்போட அருமை.

டி-ராப் மேப்பை திறந்தா உலக வரைபடத்து மேல கலர் கலரா போட்டிருக்கும், வடதுருவம் தென்துருவம் பாக்கற மாதிரி தனித்தனி படமும் உண்டு. அந்த கலர் எந்த ஃப்ரீக்வென்சி வரைக்கும் ஷார்ட்வேவ் ரேடியோ உறிஞ்சப்படுதுன்னு காட்டுது. அதுல ரெண்டு விதமான திட்டு வரும். ஃப்ளேர் அடிச்சா பகல் பக்கத்துல, சூரியன் உச்சில நிக்கற இடத்தை நடுவா வச்சு வட்டமா ஒரு திட்டு வரும், ஒரு மணி நேரத்துல மங்கிடும். ப்ரோட்டான் வந்தா அந்த இடத்துல ஒண்ணும் ஆகாது, மேலயும் கீழயும் ரெண்டு துருவத்துலயும் தொப்பி போட்ட மாதிரி கலர் ஏறும், அது நாள்கணக்குல நிக்கும். போலார் கேப் அப்சார்ப்ஷன்னு இதுக்கு பேரு. ப்ரோட்டான் கிராஃப் ஏறினதும் இந்த மேப்ல துருவத்துல கலர் பரவறதை ஒரே நேரத்துல பாத்தீங்கன்னா துகள் எங்க நுழையுதுன்னு யாரும் சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்ல.

ஏன் துருவத்துல மட்டும்னு கேட்டா, சார்ஜ் உள்ள துகள் காந்தப்புலக் கோட்டுக்கு குறுக்க போக முடியாது, வளைஞ்சு திரும்பிடும், கோட்டோட சேர்ந்து சுருண்டு போறது மட்டும் ஈஸி. பூமத்திய ரேகை பக்கத்துல கோடுங்க தரைக்கு இணையா படுத்திருக்கு, கீழ வரணும்னா அத்தனை கோட்டையும் குறுக்க வெட்டிக்கிட்டு வரணும். துருவத்துல கோடுங்க செங்குத்தா நிக்குது, கூடவே இறங்கிடலாம். நார்வேக்காரர் கார்ல் ஸ்டோர்மர் போன நூற்றாண்டு ஆரம்பத்துலயே கையாலயே கணக்கு போட்டு எந்தத் துகள் எந்த அட்சரேகை வரைக்கும் வர முடியும்னு காட்டினாரு. அவர் கணக்கு போட்டது அரோராவுக்காக, ஆனா அது பிரமாதமா பொருந்தினது காஸ்மிக் கதிருக்கும் சூரிய ப்ரோட்டானுக்கும்தான். ரிஜிடிட்டின்னு ஒரு அளவு இருக்கு, துகளோட உந்தத்தை சார்ஜால வகுத்தா வர்றது, ஜிவில, அதாவது கிகாவோல்ட்ல சொல்லுவாங்க. பூமத்திய ரேகைல மேல இருந்து நேரா உள்ள வர சுமார் 15 ஜிவி வேணும். காந்த அட்சரேகை 60 டிகிரில 1 ஜிவிக்கும் கொஞ்சம் கம்மியா இருந்தாலே போதும், 70 டிகிரில 0.2 ஜிவி. 10 எம்இவி ப்ரோட்டானுக்கு இருக்கறது 0.14 ஜிவிதான், 100 எம்இவிக்கு 0.44, ஒரு ஜிஇவி (1000 எம்இவி) ப்ரோட்டானுக்கு 1.7. சல்லடை மாதிரி யோசிச்சு பாருங்க, துருவத்துக்கு போகப் போக ஓட்டை பெருசாகிட்டே போகுது, ரொம்ப பலம் உள்ளது மட்டும்தான் சின்ன ஓட்டை இருக்கற இடத்துல புகுந்து வரும்.

ஆனா ஸ்டோர்மர் கணக்கு வெறும் டைபோல், அதாவது ரெண்டு முனை உள்ள சாதா காந்தத்துக்கு. நெஜத்துல துருவத் தொப்பில இருக்கற காந்தக் கோடுங்க பூமியோட இன்னொரு துருவத்துக்கு போய் சேர்றதே இல்ல, ஒரு முனை பூமில, இன்னொரு முனை சூரியக்காத்தோட காந்தப்புலத்துல போய் கோத்துக்கிட்டு வாலு பக்கமா நீண்டு கிடக்கு. ஜேம்ஸ் டன்ஜி 1961-ல சொன்னது இது. சூரியக்காத்து கொண்டு வர்ற காந்தப்புலம் தெற்கு நோக்கி திரும்பும்போது பூமியோட புலத்தோட வெட்டி ஒட்டிக்கும், அப்படித்தான் கோடு திறக்குது. திறந்த கோட்டுக்குள்ள ப்ரோட்டான் இறங்க தடையே இல்ல, கதவு தொறந்தே கிடக்கு, ஸ்டோர்மர் கணக்கு சொல்றதை விட தெற்காலயும் வந்துடும். கஸ்ப்னு ஒரு புனல் வடிவ இடம் நண்பகல் பக்கத்துல 75-80 டிகிரி காந்த அட்சரேகைல இருக்கு, அது வழியா சூரியக்காத்தோட சாதாரண கம்மி எனர்ஜி பிளாஸ்மா உள்ள கொட்டும். பல பேர் ப்ரோட்டான் புயலும் அந்த ரெண்டு ஓட்டை வழியா மட்டும்தான் வருதுன்னு எழுதறாங்க, அப்படி இல்ல, பத்து எம்இவி அளவுல உள்ளது துருவத் தொப்பி முழுக்க பரவலா விழும். டி-ராப் மேப்ல ஒரு புள்ளியா இல்லாம முழு வட்டமா கலர் ஏறறதை பாத்தாலே இது புரியும்.

இன்னொரு நுணுக்கமும் அந்த மேப்லயே இருக்கு, கவனிச்சு பாக்கணும். துருவத் தொப்பில வெயில் இருக்கற பாதி அடர்த்தியாவும் இருட்டு பாதி மங்கலாவும் இருக்கும். ப்ரோட்டான் ரெண்டு பாதியிலயும் ஒரே அளவுதான் விழுது. 10 எம்இவி ப்ரோட்டான் சுமார் 65 கிலோமீட்டர் உயரம் வரைக்கும் இறங்கி காத்தை அயனாக்கும், டி லேயர்னு சொல்ற இடம் அது, ஆனா ராத்திரில அங்க வர்ற எலக்ட்ரான் ஆக்சிஜனோட போய் ஒட்டிக்கும், ஒட்டிக்கிட்ட எலக்ட்ரான் ரேடியோ அலையை உறிஞ்சாது. பகல்ல சூரிய வெளிச்சம் அதை பிச்சு விட்டுடும். இவ்ளோ நுணுக்கத்தை மாடல்ல சேர்த்திருக்காங்க. அதை விட பெரிய விஷயம், காந்தப் புயலோட பலத்தை 0-ல இருந்து 9 வரைக்கும் சொல்ற கேபி இண்டெக்ஸ் ஏறினா துருவத் தொப்பியோட எல்லையையும் மாடல் கீழ இறக்கும். காந்தப் புயல் நடக்கும்போது கட்ஆஃப், அதாவது ஒரு இடத்துக்குள்ள வர தேவைப்படற ரிஜிடிட்டி, குறையும், வழக்கமா திரும்பிப் போயிருக்க வேண்டிய ப்ரோட்டான் இன்னும் தாழ்ந்த அட்சரேகைக்கும் வந்துடும். 2024 மே 10-11 ஜி5 புயல் அப்போ மே 11 அதிகாலை யூடிசில ஒரு எக்ஸ் 5.8 ஃப்ளேர் அடிச்சு ப்ரோட்டானும் கிளம்பி ஹை எனர்ஜி துகளோட விளைவை தரைல இருந்தே அளக்கற நியூட்ரான் மானிட்டர் வரைக்கும் பதிவாச்சு, அதாவது கேபி 9-ல காந்தமண்டலம் நசுங்கிப் போய் கிடக்கற நேரத்துலயே ப்ரோட்டானும் வந்துச்சு. ப்ரோட்டான் நுழைவைப் பத்தி படிக்கற யாரா இருந்தாலும் பழைய டேட்டாவை எடுத்து இந்த நாளை ஒரு தடவை பாக்கணும்.

இப்போ குறைங்க.

முதல் குறை எஸ் ஸ்கேல். அது 10 எம்இவிக்கு மேல உள்ள எண்ணிக்கையை மட்டும் வச்சு போடறது. 2003 அக்டோபர் 29 ஈவென்ட் 29,500 பிஎஃப்யூ, எஸ்4. 2005 ஜனவரி 20 ஈவென்ட் 1,860 பிஎஃப்யூ, எஸ்3. நம்பரை மட்டும் பாத்தா 2003 பதினஞ்சு மடங்கு பெருசு. ஆனா 100 எம்இவிக்கு மேல எடுத்தா 2005-தான் ரொம்ப மேல, ஃப்ளேர் ஆரம்பிச்சு கால் மணி நேரத்துலயே தென்துருவத்துல இருக்கற நியூட்ரான் மானிட்டர் எகிறுச்சு. விமானத்துல, விண்வெளி நிலையத்துல இருக்கற மனுஷனுக்கு கவலை தர்றது அந்த ஹார்ட், அதாவது எனர்ஜி அதிகமான ப்ரோட்டான்தான், ஏன்னா 10 எம்இவி எல்லாம் வளிமண்டலத்துல மேலயே நின்னுடும், விமானம் பறக்கற உயரத்துக்கு வர சில நூறு எம்இவியாவது வேணும். 100, 500 கோடு அதே கிராஃப்லயே இருக்கறதால தெரிஞ்சவங்களுக்கு பிரச்சனை இல்ல, முகப்பு கட்டத்தை மட்டும் பாக்கறவங்களுக்கு இது தெரிய வாய்ப்பே இல்ல. அந்த எஸ் நம்பருக்கு பக்கத்துல 100 எம்இவி அளவையும் ஒரு வரியா போட்டா ரொம்ப உபயோகமா இருக்கும்.

ரெண்டாவது, டி-ராப் அளந்தது இல்ல, மாடல். பூமத்திய ரேகைக்கு மேல நிக்கற சேட்டிலைட்ல அளந்த ஃப்ளக்ஸை எடுத்து ரெண்டு துருவத்துக்கும் ஒரே மாதிரி போட்டுடுது. ஈவென்ட்டோட முதல் கொஞ்ச நேரத்துல துகள் எல்லாம் ஒரே திசையில இருந்து வரும், சூரியக்காத்தோட காந்தப்புலம் அப்போ எந்தப் பக்கம் பாத்திருக்குங்கறதை பொறுத்து ஒரு துருவத்துல அதிகமாவும் இன்னொரு துருவத்துல கம்மியாவும் விழலாம். வடக்கு தெற்கு வித்தியாசத்தை மேப்ல தேடினீங்கன்னா வெயில் வித்தியாசம் மட்டும்தான் கிடைக்கும். அதுக்கு துருவப் பகுதில வச்சிருக்கற, ரேடியோ எவ்ளோ உறிஞ்சப்படுதுன்னு அளக்கற ரியோமீட்டர் டேட்டாவும், நியூட்ரான் மானிட்டர் டேட்டாவும்தான் கதி.

மூணாவது, முன்னறிவிப்பு. மூணு நாள் ஃபோர்காஸ்ட்ல எஸ்1 அல்லது அதுக்கு மேல வர எத்தனை சதவீதம் வாய்ப்புன்னு ஒவ்வொரு நாளுக்கும் போடறாங்க, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை வரும். நேர்மையா போடறாங்க, அதுல குறை சொல்ல மாட்டேன், ஆனா இது மழை ஃபோர்காஸ்ட் கிடையாது. வெடிச்சதுக்கு அப்புறம்தான் தெரியும், தெரிஞ்சதும் கையில இருக்கறது சில சமயம் பத்து நிமிஷம். சர்வீஸோட குறையை விட இந்தத் துறையே இப்போதைக்கு இவ்ளோதான் வந்திருக்கு.

யாருக்கு இது நெஜமாவே தேவைன்னா, ஹாம் ரேடியோக்காரங்க கண்டிப்பா பாக்கணும், துருவம் வழியா போற சிக்னல் ரெண்டு மூணு நாள் செத்துப் போச்சுன்னா காரணம் இங்கதான் இருக்கும். துருவ வழித்தடத்துல பறக்கற விமான நிறுவனங்க இதை நம்பித்தான் முடிவெடுக்கறாங்க, 82 டிகிரிக்கு மேல ஜியோ சேட்டிலைட் தொடுவானத்துக்கு கீழ போயிடும், ஷார்ட்வேவ்தான் பெரிய துணை, அதுவும் இல்லன்னா விமானத்தை தெற்க திருப்பியாகணும், 2012 ஜனவரில அப்படி சில விமானத்தை திருப்பி விட்டாங்க. 2019 நவம்பர்ல இருந்து ஐசிஏஓன்னு சொல்ற சர்வதேச சிவில் விமான அமைப்பு வழியா உலகம் முழுக்க விமானங்களுக்கு ஸ்பேஸ் வெதர் அட்வைசரியும் போகுது. விண்வெளி நிலையம் 51.6 டிகிரி சாய்வுல சுத்தறதால அது பெரும்பாலான நேரம் காந்தப்புலப் பாதுகாப்புக்குள்ளதான் இருக்கும், வடக்கு தெற்கு உச்சிக்கு போற கொஞ்ச நேரம்தான் கவனிக்கணும், அந்த நேரம் பாத்து காந்தப் புயலும் அடிச்சு கட்ஆஃப் இறங்கிச்சுன்னா அந்த கொஞ்ச நேரம் நீளமாகும்.

அரோரா வேட்டைக்கு மட்டும் வர்றவங்களுக்கு இந்த ரெண்டு பேஜும் வேணாம். அரோரா வெளிச்சம் பெரும்பாலும் காந்தமண்டலத்து வாலு பக்கத்துல இருந்து முடுக்கி விடப்பட்ட கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவு எலக்ட்ரானால வர்றது, அது துருவத்தை சுத்தி வளையமா எரியும். ப்ரோட்டான் புயல் அந்த வளையத்துக்கு உள்ள இருக்கற முழு இடத்துலயும் கண்ணுக்கு தெரியாம விழும். எஸ்3 ஓடிக்கிட்டு இருக்கும்போது வானம் சும்மா இருட்டா இருக்கலாம், எஸ் ஒண்ணுமே இல்லாதப்போ வானம் பச்சையா எரியலாம். நான் போனுல போட்டிருந்த ஒரு ஆப், பேரு வேணாம், ரேடியேஷன் ஸ்டார்ம் அலர்ட்டை பச்சை அரோரா படத்தோட அனுப்பி இன்னிக்கு ராத்திரி வானத்தை பாருங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு, எடுத்து தூக்கிப் போட்டேன். நோவா சைட்ல அரோரா ஃபோர்காஸ்ட் தனி பேஜ், ப்ரோட்டான் தனி பேஜ், இப்படி குழப்பறதே இல்ல.

அதே சைட்லயே கோரோனாகிராஃப், அதாவது சூரியனை மறைச்சுட்டு சுத்தி இருக்கறதை எடுக்கற படமும் வரும். பூமில இருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிக்கற சோஹோ சேட்டிலைட்டோட லாஸ்கோ கேமரா படத்துல, பெரிய ஈவென்ட் அப்போ சிஎம்இ விரிஞ்சு வர்றது தெரிஞ்சு கொஞ்ச நேரத்துல படம் பூரா வெள்ளைப் புள்ளியும் கீறலுமா நிறைஞ்சிடும். கேமரா கெட்டுப் போகல, ப்ரோட்டான் நேரா டிடெக்டர்ல வந்து குத்தறது அது. ப்ரோட்டான் கிராஃப்ல வெறும் கோடா பாத்ததை அந்தப் படத்துல கண்ணால பாக்கறீங்க, பள்ளிக்கூடப் பசங்களுக்கு இதை காட்டி சொல்லிக் குடுத்தா வேற விளக்கமே தேவைப்படாது.

அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். அந்த அரை மார்க் எஸ் ஸ்கேலுக்காக குறைச்சது. புதுசா வர்றவங்க இமெயில் அலர்ட்ல பதிஞ்சுக்கோங்க, அதுவும் இலவசம், 10 எம்இவி வார்னிங்கும் 100 எம்இவி வார்னிங்கும் தனித்தனியா தேர்ந்தெடுக்கலாம், 100 எம்இவிக்கு கண்டிப்பா டிக் போடுங்க. மெயில் வந்ததும் கிராஃபை 6 மணி நேரத்துக்கு மாத்தி ஒரு டேப், டி-ராப்ல வடதுருவப் படத்தை இன்னொரு டேப். 1976-ல இருந்து பூமியை தொட்ட ப்ரோட்டான் ஈவென்ட் எல்லாத்தோட பட்டியலும் அங்கயே கிடைக்கும், மெயில் வராத அமைதியான மாசத்துல அதை எடுத்து ஒவ்வொண்ணா ஃப்ளேர் நேரத்தையும் உச்சம் தொட்ட நேரத்தையும் ஒப்பிட்டு பாருங்க, மேற்கு வெடிப்பு எது கிழக்கு வெடிப்பு எதுன்னு தானா பிடிபடும்.